பேச்சிக்கனியின் கண்சதை

டாக்டர் தனசீலன் மைக்ரோஸ்கோப்பில் கடைசியாகக் கண் வைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஆராய்ச்சி நிலையத்துக்கு விருந்தாளிகள் வரும் நாளில் அதன் பக்கத்தில்தான் நிற்பார். அதன் கழுத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, வீட்டு நாயைக் காட்டுகிறவர் மாதிரி சிரிப்பார். திரையில் ஓடும் படங்களை எடுத்தவள், செல்களை எண்ணியவள், அவற்றை வளர்க்கும் தட்டுகளைக் கழுவியவள் எல்லாம் பாக்கியசீலி. அவள் கதவோரம் நிற்பாள். படத்தை மாற்றச் சொல்லி அவர் விரலைச் சொடுக்குவார். இருபத்தோரு வருட சர்வீஸில் அந்தச் சொடுக்கு அவளுக்குப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது.

அன்றைக்கு டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகளும் தூத்துக்குடி உப்பள முதலாளிகள் நாலு பேரும் வந்திருந்தார்கள். வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று எரிந்தது. உலகத்தைக் குளிர்விக்கிறோம் என்று பெரிய நாடுகள் சேர்ந்து வானத்தில் தூள் தூவிப் பதினெட்டு வருடம் ஆகிறது. குளிர்ச்சி கொஞ்சம் கிடைத்தது. கூடவே ஓசோன் போர்வையில் பொத்தல் விழுந்தது. பொத்தலை யார் தைப்பது என்று இன்னும் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வெயிலில் நின்று பிழைப்பவர்களின் கண்கள் வேறு மாதிரி ஆகத் தொடங்கின.

"இது கேன்சரா டாக்டர்?" என்று அதிகாரிகளில் ஒருவர் கேட்டார்.

"சேச்சே. கண்ணோட மூலையில ஆரம்பிச்சு கருவிழி மேல ஏறுற சதை. அந்தக் காலத்துலேயே மீனவங்களுக்கும் உப்பளத்து ஆளுங்களுக்கும் உண்டு. அப்போ நூத்துக்குப் பத்துப் பேர். இப்போ நூத்துக்குத் தொண்ணூறு. வெட்டி எடுத்தாலும் திரும்ப வளருது."

"இந்த மருந்து?"

"மாத்துக் கிட்னி வச்சவங்க வாழ்நாள் பூரா சாப்பிடுறாங்களே, அதே ஜாதி மருந்து. உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும். நாங்க அடக்கின்னே கூப்பிடுறோம். இந்தச் சதைக்குள்ள எதிர்ப்பு செல்கள் கூட்டமா உக்காந்திருக்கு. அதுங்க ஊட்டி ஊட்டித்தான் சதை வளருது. அதுங்களை அடக்கினா சதையும் அடங்கும். பாருங்க."

சொடுக்கு. படம் மாறியது. தட்டில் பாதி செல்கள் செத்திருந்தன. முதலாளிகள் கை தட்டினார்கள்.

"ஆளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் குடுத்தா ஆகாதா?" என்று மற்ற அதிகாரி கேட்டார். வயதில் சின்னவர், இன்னும் விவரம் தெரியாதவர்.

"குடுத்தோம் சார். வித்துத் தின்னுட்டாங்க" என்றார் ஒரு முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கியசீலிக்கு அந்தக் கண்ணாடிகளைத் தெரியும். சந்தையில் கிடைப்பதிலேயே மட்டமான ரகம். உப்புக் காற்றில் மூன்றாம் நாள் பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். அதைப் போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கினால் வரப்பு தெரியாமல் விழ வேண்டியதுதான். விற்பதென்றால் வாங்க ஒரு ஆள் வேண்டாமா?  அதைச் சொல்லக்கூடிய இடத்தில் அவள் ஒருநாளும் நின்றதில்லை.

அந்தப் படத்திலிருந்த செல்கள் நாற்பத்தொன்றாம் எண் தட்டிலிருந்து வந்தவை. நாற்பத்தொன்று என்பது பேச்சிக்கனி. முத்தையாபுரத்துப் பக்கம் உப்பு வாருகிறவள், வயது நாற்பத்தைந்து இருக்கும், பாக்கியசீலியைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அறுவைச் சிகிச்சையில் அவள் வலது கண்ணிலிருந்து எடுத்த துணுக்கைத்தான் தட்டில் வளர்த்தார்கள். பரிசோதனைக்காக அடக்கிச் சொட்டு மருந்து போட்ட அறுபது பேரில் அவளும் ஒருத்தி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நிலையத்துக்கு வருவாள். மற்றவர்கள் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். இவள் சுவரில் தொங்கும் படங்களையெல்லாம் நின்று பார்ப்பாள்.

"எங் கண்ணுல வெளஞ்சதை எனக்குக் காட்ட மாட்டியளா?" என்று ஒருநாள் கேட்டாள்.

காட்டக்கூடாது என்பது விதி. பாக்கியசீலி காட்டினாள். பேச்சிக்கனி கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். நீளநீளமாக, இரண்டு பக்கமும் கூராக, ஒரே திசை பார்த்துக் கிடந்தன செல்கள்.

"நெத்திலிக் கூட்டம்லா?" என்றாள். "ஒண்ணு திரும்பினா எல்லாம் திரும்பும் போலுக்கே."

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்த அமைப்பை விளக்க ஒரு பத்தி எழுதுவார்கள். பாக்கியசீலிக்கு அந்தப் பத்தியைவிட இது பிடித்தது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு மின்வெட்டால். சனிக்கிழமை மத்தியானம் பாக்கியசீலி தட்டுகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் ஓடவில்லை. காவலாளி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் கூண்டில் கிருமியைக் கொல்லும் புறஊதா விளக்கு ஒன்று உண்டு. கரண்ட் திரும்பி வந்ததும் அது தானாக எரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் எரிந்திருக்கிறது. திங்கள் காலை பாக்கியசீலி கதவைத் திறந்தபோது நீல வெளிச்சம் அறையை நிறைத்திருந்தது.

செத்துப்போன தட்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். அடக்கி ஊற்றிய தட்டுகளில் ஒரு செல்கூட மிச்சமில்லை. அடக்கி ஊற்றாத தட்டுகளில் நெத்திலிகள் அப்படியே கிடந்தன. கொஞ்சம் தடித்து, கொஞ்சம் மஞ்சளடித்து, ஆனால் உயிரோடு.

 எந்தச் செல்லும் அந்த விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் தாங்காது.

யாரிடமும் சொல்லாமல் திரும்பச் செய்தாள். இந்த முறை, இறந்தவர்கள் தானம் செய்த கண்களிலிருந்து நல்ல கருவிழி செல்களை எடுத்துத் தட்டின் அடியில் பரப்பினாள். அதன்மேல் சவ்வு மாதிரி சதை செல்களை வளர்த்தாள். விளக்கைப் போட்டாள். மேலே சதை இருந்த இடத்தில் அடியிலிருந்த நல்ல செல்கள் பிழைத்தன. சதையில்லாத இடத்தில் கருகின. சதைக்கு அடக்கி கொடுத்த தட்டில் மேலே இருந்ததும் செத்தது, கீழே இருந்ததும் செத்தது. மூன்று வாரத்தில் ஐந்து முறை செய்தாள். ஐந்து முறையும் அதுவேதான்.

அதாவது, சதை நோயே இல்லை. மேலே பொத்தல் விழுந்த பிறகு உடம்பு தானாகப் பிடித்துக்கொண்ட குடை அது. இவர்கள் அந்தக் குடையைப் பிடுங்க மருந்து செய்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கைதட்டல் வேறு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொட்டு மருந்து போட்ட அறுபது பேரின் பதிவுகளைப் புரட்டினாள். ஏழு பேருக்குக் கருவிழி அவித்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. ஏழு பக்கத்திலும் ஒரே வரி: மருந்தை ஒழுங்காகப் போடவில்லை. எழுதியவர் அந்த ஏழு பேரைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று அவளால் சத்தியம் பண்ண முடியும்.

தனசீலனிடம் போனாள். அவர் கத்துவார், வேலையை விட்டுத் தூக்குவார் என்று தயாராகத்தான் போனாள். அவர் கத்தவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க பாக்கியசீலி" என்றார். அவள் முழுப்பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாரமே சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது.

மனிதனை இத்தனை நாள் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று அவள் வருத்தப்பட்டாள். அதை நினைத்துப் பின்னால் பல நாள் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

பேச்சிக்கனியிடம் சொல்வதற்கு அவளே உப்பளத்துக்குப் போனாள். அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து கிடக்க, அதன் நிழலில் உட்கார்ந்து பேச்சிக்கனி தூக்குவாளியைத் திறந்தாள்.

"அப்ப இது சீக்கு இல்லையா?"

"இல்ல. குடை. உங்க கண்ணு தனக்குத்தானே பிடிச்ச குடை. கண்ணு பாப்பாவுக்குப் பக்கத்துல வந்து தானா நின்னுக்கிடும். உடம்புல இருக்கிற எதிர்ப்பு செல்லுங்கதான் அதுக்குக் காவல். தீனியும் போடும், அந்த எல்லையிலேயே நிப்பாட்டியும் வைக்கும்."

பேச்சிக்கனி கஞ்சியைக் குடித்து முடித்தாள். பிறகு சிரித்தாள்.

"எழுத்து வாசிக்கத் தெரியாத கண்ணுக்குத் தெரிஞ்சது, இவ்வளவு படிச்ச உங்க ஆளுகளுக்குத் தெரியலையே மேடம். அந்த ஏழு பேருக்கு என்ன சொல்லப் போறிய?"



எட்டு மாதம் கழித்து நிலையத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பியது. வாசலில் 'நிழலி' என்று வளைந்த எழுத்தில் பலகை மாட்டினார்கள். முகப்பில் கருங்கல்லில் கண்டுபிடிப்பாளர்கள் பெயர்கள். மேலே தனசீலன். கடைசியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், பாக்கியசீலி. அவளுக்குப் பதவி உயர்வும் தனி அறையும் கொடுத்தார்கள். அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று தனசீலனே கூப்பிட்டு விளக்கினார்.

"சென்னையில, மும்பையில பெரிய மனுஷங்க வெளியில வரவே பயப்படுறாங்க. கோல்ஃப் ஆட முடியலை, கப்பல்ல போக முடியலை. எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் பக்கவாட்டுல வெயில் ஏறுது. அவங்களுக்கு இந்தச் சதையைக் கண்ணுல வச்சா? மெல்லிசா, கண்ணாடி மாதிரி சீவி வச்சா? உயிருள்ள கூலிங் கிளாஸ்! கழட்டவே வேண்டாம்."

"சார், அடுத்த ஆளோட சதையை உடம்பு ஏத்துக்காதே."

"அதுக்குத்தான் நம்மகிட்ட அடக்கி இருக்கே!" என்று அவர் மேசையில் தட்டினார். "கொல்லுற அளவு வேண்டாம். பத்துல ஒரு பங்கு. உடம்பு சண்டை போடாம இருக்கிற அளவு. பாத்தீங்களா, மருந்து வீணாப் போகலை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழைக் கண்ணிலிருந்து குடையைப் பிடுங்கச் செய்த மருந்து, அதே குடையைப் பணக்காரக் கண்ணில் ஒட்டுவதற்குப் பசை. ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. உண்மைதான்.

"தட்டுலயே வளர்த்துக்கலாமே சார்?"

"ரெண்டு வாரத்துல செத்துருது. உங்களுக்குத் தெரியாததா? வெயில்ல வெளஞ்ச சதைதான் நிக்குது. முகாம் போட்டு எடுத்துக்கலாம். அவங்களுக்குத்தான் திரும்ப வளருமே."

முகாம் போட்டார்கள். வெட்டுவதை 'அறுவடை' என்று அச்சடித்தார்கள். கையெழுத்துப் போட்ட உப்பளத்துக்காரர்களுக்கு மாதாமாதம் அரிசியும் எண்ணெயும் உண்டு. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: சதை நன்றாக விளைய வேண்டும், ஆகவே வேலை நேரத்தில் கண்ணுக்கு மறைப்பு எதுவும் கூடாது. கண்ணாடி கூடாது. தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இறக்கக் கூடாது. துண்டு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கங்காணி வரப்பில் நடந்தார். முன்னொரு நாள் இவர்கள் கண்ணாடியை விற்றுத் தின்றதாகச் சிரித்தவர்கள்தான் அந்த நிபந்தனையை எழுதினார்கள். எழுதும்போது சிரித்தார்களா என்று தெரியவில்லை.

பாக்கியசீலி வேலையை விடவில்லை. விட்டால் நின்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டாள். மகளுக்குக் கல்லூரி முடிய இரண்டு வருடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில், கருங்கல்லில் தன் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும் காலை நேரத்தை அவள் விரும்பத் தொடங்கியிருந்தாள். அதுதான் விஷயம். அது அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் தட்டுகளை அவள் ஏமாற்றவில்லை. வெயிலில் விளைந்த சதையைத் தட்டில் வைத்து, பத்தில் ஒரு பங்கு அடக்கி ஊற்றினால் என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்தாள். மூன்று மாதம் எதுவும் ஆகவில்லை. நாலாம் மாதம் சதை ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தது. காரணம் எளிது. அந்த அளவு மருந்து சதையைக் கொல்வதில்லை. ஆனால் சதையை எல்லையில் நிறுத்தும் காவல் செல்களைத் தூங்கவைத்துவிடுகிறது. இருபது பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு பக்கத்துல சுருக்கிக் குடுங்க" என்றார் தனசீலன். சுருக்கிக் கொடுத்தாள். நாலாம் மாதத்தைப் பற்றிய இரண்டு வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு, "இது தட்டுல நடக்கிறது. மனுஷன் தட்டு இல்ல" என்றார்.

உப்பளத்துக்காரர்கள் தட்டாகவே இருந்த காலத்தில் அவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்ததில்லை.

அடுத்த சித்திரையில் பேச்சிக்கனியின் இடது கண் போயிற்று. மூன்றாவது அறுவடைக்குப் பிறகு சதை திரும்ப மூடுவதற்கு முன்பே வேலைக்கு இறங்கியிருக்கிறாள். வெறும் கண்ணில் நாள் முழுக்க வெயிலும், உப்பில் பட்டுத் திரும்பிய வெயிலும். விஷயம் கேள்விப்பட்டு பாக்கியசீலி போனபோது அவள் பாத்திக்குள் நின்று வாரிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"ஏன் இறங்கினீங்க பேச்சிக்கனி? இருபது நாள் வீட்ல இருக்கணும்னு சொன்னோம்லா?"

"அரிசி மாசத்துக்கு ஒருக்கதான் தாராவ. சோறு தெனம் திங்கணும்லா?" என்றாள். வாருவதை நிறுத்தவில்லை. "நீங்கதான கண்டுபிடிச்சிய? கல்லுல பேரு வெட்டியிருக்காமே. முகாமுக்கு வந்தப்ப ஒரு பிள்ளை வாசிச்சுச் சொல்லிச்சு."

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். உங்களுக்கு அந்தச் சொட்டு மருந்தை நிறுத்தணும்னுதான்..."

"நிறுத்திட்டிய. யாரு இல்லன்னா? அதுக்குப் பொறவு?"

"அதுக்கப்புறம் நடந்தது என் கையில இல்ல."

பேச்சிக்கனி வாருபலகையை ஊன்றி நின்றாள். ஒற்றைக் கண்ணால் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பாக்கியசீலி தாங்கியிருப்பாள். மழையில் கரைந்துபோன உப்பைப் பார்க்கிற மாதிரி, இனி இதில் அள்ள ஒன்றுமில்லை என்கிற மாதிரி பார்த்தாள்.

"உங்க டாக்டரு கெட்டவரு. அது அவரு மூஞ்சியிலயே எழுதியிருக்கு, நமக்குச் சூதானமா இருந்துக்கிடலாம். உங்களைத்தான் மேடம் நம்பிட்டோம்."

திரும்பவும் வாரத் தொடங்கினாள்.

முந்தின கார்த்திகையிலேயே நிழலியை முதன்முதலில் வைத்துக்கொண்டவர் தனசீலன்தான். விளம்பரத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாமென்று இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு, நடுப்பகலில் திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இருபத்து மூன்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலை அவர் பாக்கியசீலியின் அறைக்கு வந்தார். அவர் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. வாசற்படி எங்கே என்று காலால் தேடியதை அவள் கவனித்தாள்.

"ரெண்டு வாரமா கொஞ்சம் பனி மாதிரி இருக்கு. நம்ம டாக்டர் பசங்ககிட்ட கேட்டா எல்லாம் நல்லா இருக்கு சார்ங்குறானுங்க. நீங்க பாருங்க."

அவர் கண்ணைப் படமெடுத்துத் திரையில் போட்டாள். சதை எல்லையைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டது. வலது கண்ணில் பாப்பாவின் ஓரத்தைத் தொட்டிருந்தது. இடதில் பாதியை மூடியிருந்தது. தெளிவாக, ஒரே திசை பார்த்து வந்துகொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் அவளால் நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லியிருக்க முடியும். நாக்கு நுனிவரை வந்தது. அந்த டாக்டர் பையன்கள் வரிசையில் தானும் நிற்கப் பிடிக்காமல்தான் விழுங்கினாள்.

"பாப்பா மேல வந்துட்டு சார். தட்டுல நாலாம் மாசம் வந்தது, உங்களுக்கு ஒன்பதாம் மாசம் வந்திருக்கு."

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"அடக்கியை நிறுத்திட்டா?"

"நிறுத்தினா அடுத்த ஆள் சதைன்னு உங்க உடம்பு சண்டைக்கு வரும். கருவிழியும் சேர்ந்து போகும்."

"வெட்டி எடுத்தா?"

"வேர் உள்ள ஓடியாச்சு சார். வெட்டினா இன்னும் வேகமா வரும்."

"அப்போ என்னதான் வழி? வழியில்லாமலா இருக்கும்?"

"ஒண்ணு தட்டுல பாத்திருக்கேன்" என்றாள் பாக்கியசீலி. "அந்தச் சதைக்குத் தன்னோட காவல் செல்லுங்க சொன்னாத்தான் கேக்கும். யாரோட சதையோ அவங்க ரத்தத்துலேருந்து அந்தச் செல்லுங்களைப் பிரிச்சு, அடக்கிக்கு அசராத மாதிரி வளர்த்து, உங்க கண்ணுல விடணும். எல்லைக்குப் பின்னால போயிரும்."

"யாரோட சதை இது?"

"நாப்பத்தொண்ணு."

"பேர் என்ன?"

ஒன்பது மாதமாக அவர் அந்தச் சதை வழியாகத்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் பெயர் கேட்கிறார்.

"பேச்சிக்கனி."

"கார் அனுப்புங்க. என்ன கேட்டாலும் குடுத்துருங்க."

கார் வெறுமனே திரும்பி வந்தது. மறுநாள் பாக்கியசீலியே போனாள். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். பேச்சிக்கனி பாத்தி வரப்பில் குந்திக் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"அவருகிட்ட என்ன இருக்கு எனக்குக் குடுக்க?"

"வீடு, ஏதாவது..."

"எம் பார்வையைக் கேட்டா குடுப்பாரா? இல்லல்லா. அப்ப பேசாம இருங்க." கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "ரத்தம்தானே, தாரேன். வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. பஸ்ஸுல வாரேன். ஆனா ஊசி அவருதான் குத்தணும். வேற யாரும் எம் மேல கை வைக்கக் கூடாது."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். துவைத்த சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. ஆய்வறையில் உயரமான நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். அவள் வலது கையை நீட்டி மேசைமேல் வைத்தாள். வெயிலில் கருத்து, உப்பில் வெடித்த கை.

தனசீலன் வெள்ளைக் கோட்டோடு வந்தார். அறை வாசலில் நாலைந்து டாக்டர் பையன்கள் நின்றார்கள்.

"வாங்கம்மா" என்றார்.



முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை பாக்கியசீலி கட்டினாள். அதற்கு மட்டும் பேச்சிக்கனி சம்மதித்தாள். தனசீலன் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு அவள் கையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கட்டைவிரலால் நரம்பைத் தேடினார். ஒரு காலத்தில் ஊசி போடுவதில் நல்ல கைதான் அவருடையது. ஊசி இறங்கியது. ரத்தம் வரவில்லை. எடுத்தார். மறுபடி குத்தினார். நரம்பு வழுக்கியது. மூன்றாம் முறை குத்தியபோது தோலுக்கடியில் நீலமாக வீங்கியது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்கு நுனியிலிருந்து மேசையில் சொட்டியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சிக்கனியின் கை அசையவில்லை. முகமும் சுளிக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் எடுக்கிறேன்" என்று பாக்கியசீலி ஊசியை வாங்கக் கை நீட்டினாள்.

"நீங்க தள்ளி நில்லுங்க மேடம்" என்றாள் பேச்சிக்கனி. குரல் உயரவில்லை. "அவரு தேடட்டும். அந்தக் கையில கிடைக்கலைன்னா இந்தக் கையும் இருக்கு."

இடது கையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.